டெல்டிக் டீசல் எஞ்சின்களும் இரயில் ஆர்வலர்களும்

பிரித்தானிய இரயில்வேயில் டீசல் எஞ்சின்கள் நீராவி எஞ்சின்களை அகற்றியவை. ஆதலின் ஆர்வலர் பலர் தொடக்கத்தில் அவற்றை விரும்பவில்லை. இதற்கு மாறாக அமைந்தது டெல்டிக் வகை.

இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனம் 1961–62ஆம் ஆண்டுகளில் வழங்கிய 22 டெல்டிக்குகள், இலண்டன்–எடின்பரோ வழித்தடம் சார்ந்த 55 நீராவி எஞ்சின்களின் பணியை ஏற்றன. விரைவுப் போர்ப்படகுகளுக்கென உருவான நேப்பியர் பொறிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு பொருத்தப்பட்டன. முக்கோணமாய் அமைந்த 18 சிலிண்டர்களில் 36 பிஸ்டன்கள் எதிரெதிராக இயங்கியதால் எழுந்த தனித்த முழக்கமும், 3,300 குதிரைத்திறனும், மணிக்கு 100 மைல் வேகமும் ஆர்வலர்களை ஈர்த்தன. பந்தயக் குதிரைகள், படைப்பிரிவுகள் ஆகியவற்றின் பெயர்கள் சூட்டப்பட்டமையால் ஒவ்வோர் எஞ்சினும் தனியடையாளம் பெற்றது.

இவ்வெஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1977இல், டெல்டிக் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1982 சனவரி 2 அன்று பயணிகள் சேவை முடிவுற்றது. 22இல் ஆறு மட்டுமே உடைப்புக்குத் தப்பின. அவற்றுள் ஒன்று தேசியத் தொகுப்பில் சேர்ந்தது. மூன்று சங்கத்தின் உடைமையாயின.

பழமை ஒன்றே மரபுப்பொருளுக்கு அளவுகோல் எனின், இருபதாண்டே உழைத்த டெல்டிக் அதனுள் அடங்காது. எது மரபு என்பதை அருங்காட்சியகங்கள் மட்டுமன்றி, பொருளோடு பழகிய மக்களும் தீர்மானிக்கின்றனர் என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.