வீட்டு வாசலில் ரோடு யாருக்குச் சொந்தம்?

"கேட் முன் வண்டி நிறுத்தாதீர்கள். மீறினால் காற்று பிடுங்கப்படும்." எங்கள் தெருவில் ஐந்தாறு வீடுகளில் இந்தப் பலகை தொங்குகிறது. கேட்டை மறிப்பது தப்புதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் சிலர் மதில் நீளத்துக்கும் பூந்தொட்டி, செங்கல் வைத்து இடம் பிடிக்கிறார்கள். ரோடு பொதுச்சொத்தாச்சே, இவங்களுக்கு மட்டும் என்ன தனி உரிமைன்னு எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு கேள்வி. அதைத் துருவப் போனபோது 1977-ம் ஆண்டு அமெரிக்க வழக்கு ஒன்று கிடைத்தது.

இடம் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டன் கவுண்டி. பொட்டோமாக் ஆற்றைத் தாண்டினால் தலைநகர் வாஷிங்டன். ஆர்லிங்டனில் கிரிஸ்டல் சிட்டி என்று அலுவலகங்கள் நிறைந்த பகுதி ஒன்று உண்டு. அதன் பக்கத்திலேயே அரோரா ஹைலேண்ட்ஸ் என்ற குடியிருப்பு. வேலைக்கு வருகிறவர்கள் காலையில் குடியிருப்புத் தெருவில் காரை ஓரங்கட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விடுவார்கள். தெருக்காரர்கள் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும்.

கவுண்டி நிர்வாகம் ஒரு விதி போட்டது. வாரநாட்களில் காலை 8 முதல் மாலை 5 வரை, அனுமதிச் சீட்டு உள்ள வண்டிகள் மட்டுமே அங்கே நிற்கலாம். சீட்டு இலவசம். குடியிருப்பவர்களுக்கும், அவர்களிடம் வேலையாக வருகிறவர்களுக்கும், விருந்தாளிகள் சிலருக்கும் கிடைக்கும். ஆனால் ஒரு தெருவுக்கு இந்த விதி வேண்டுமானால் முதலில் கணக்கெடுக்க வேண்டும். பகலில் சராசரியாக 75 சதவீதத்துக்கு மேல் இடம் நிரம்பியிருக்கணும், நிற்கும் வண்டிகளில் 25 சதவீதத்துக்கு மேல் வெளியாட்களுடையதாக இருக்கணும். இரண்டும் இருந்தால்தான் அது நெரிசல் பகுதி.

வேலைக்கு வந்துபோகிறவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். எல்லாருக்கும் பொதுவான ரோட்டில் உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன்னு பிரிக்கலாமா? அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தம் சட்டத்தின் முன் சமமான பாதுகாப்பு தருகிறதே? வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் இவர்கள் பக்கம் நின்று விதியை ரத்து செய்தது.

அக்டோபர் 1977-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. எழுதிய நீதிபதியின் பெயர் போடாத சின்னத் தீர்ப்புதான். சத்தம், புகை, குப்பை, போக்குவரத்து ஆபத்து இவற்றைக் குறைப்பது நியாயமான நோக்கம். அதற்காகக் குடியிருப்பவரையும் மற்றவரையும் பிரித்துப் பார்ப்பது மட்டுமே பாரபட்சம் ஆகிவிடாது என்றது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் அரசியல் சாசனத்தின் 14-வது பிரிவில் வரும் 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' என்ற சொற்கள் அந்த 14-வது திருத்தத்திலிருந்து வந்தவைதான். எண் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆட்களைப் பிரித்து நடத்தினால் அதற்குத் தகுந்த காரணம் வேண்டும் என்பதே இங்கேயும் சோதனை.

படித்து முடித்ததும் எங்கள் தெருப் பலகைதான் ஞாபகம் வந்தது. ஆர்லிங்டன்காரர்களுக்கு ரோடு சொந்தமாகிவிடவில்லை. எண்ணிப் பார்த்து, நேரம் குறித்து, பொது அமைப்பு ஒன்று கொடுத்த சலுகை அது. அதனால்தான் எதிர்த்தவர்களும் கோர்ட் வாசல் வரை போய்க் கேட்க முடிந்தது. பூந்தொட்டி வைத்தவரிடம் போய் யார் கணக்குக் கேட்பது?