இளமையை இழந்த மண்

குடித்தொகைப் புள்ளிவிவரங்களை உயிரற்ற எண்களின் அடுக்காகக் கருதுவோர் நம்மிடையே பலர். ஆனால், எந்த வயதினர் எங்கே வாழ்கின்றனர் என்பதை ஊன்றி நோக்கினால் ஒரு நாட்டின் பொருளாதார வரலாறே நமக்குப் புலனாகும். தென் கொரியாவில், வட கியொங்சாங் மாகாணத்திலுள்ள உய்சொங் மாவட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

வெள்ளைப்பூண்டுக்குப் பேர்போன இம்மாவட்டம் பரப்பளவில் தலைநகர் சியோலைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. 1960களின் நடுப்பகுதியில் இங்கு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இன்றோ ஏறத்தாழ 50,000 பேரே உள்ளனர். அவர்களுள்ளும் நூற்றுக்கு 40 பேருக்கு மேற்பட்டோர் 65 வயதை எய்தியவர்கள்.

இதற்குக் காரணம் யாது? பெண்கள் பிள்ளை பெற மறுக்கின்றனர் என்பது பலரும் கூறும் எளிய விடை. 2023இல் தென் கொரியாவின் கருவள வீதம் 0.72 ஆக வீழ்ந்தது உண்மையே. ஆயினும், ஒரு பெண் சராசரியாக நான்குக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்ற காலத்திலேயே உய்சொங் தேயத் தொடங்கிவிட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. எனவே, காரணத்தைத் தொட்டிலில் தேடுவதைவிட நெற்களஞ்சியத்தில் தேடுவதே தகும்.

யப்பானிய ஆட்சி 1910 முதல் 1918 வரை நடத்திய நில அளவை, நிலக்கிழாரின் உடைமையைச் சட்டத்தால் உறுதிசெய்தது. குத்தகை உழவன் விளைவிற் பாதியை இழந்தான். விடுதலைக்குப்பின் 1946இல் வட பகுதியில் நிலம் பகிரப்பட்டது. தெற்கும் வாளாவிருக்க இயலவில்லை. 1949ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் மூன்று ஹெக்டயர் அளவை உச்சவரம்பாக்கி, நிலத்தை உழுபவனுக்கு உரியதாக்கிற்று. அதற்கு முதல் வரைவு வகுத்த விவசாய அமைச்சர் சோ பொங்-ஆம், உளவாளி எனக் குற்றஞ்சாட்டப்பட்டு 1959இல் தூக்கிலிடப்பட்டார். 2011இல் உச்ச நீதிமன்றம் அக்குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது.

நிலம் உழவன் கைக்கு வந்தது. விளைவின் பயனோ வரவில்லை. 1950களின் நடுப்பகுதி முதல் அமெரிக்காவின் மிகை தானியம் வந்து குவிந்தது. 1961இல் படைபலத்தால் ஆட்சியைப் பிடித்த பாக் சுங் ஹீயின் அரசு ஏற்றுமதிக் கைத்தொழிலைத் தாழ்ந்த கூலியின்மீது கட்டியெழுப்பிற்று. தாழ்ந்த கூலியில் தொழிலாளி உயிர்வாழ வேண்டுமாயின் அரிசி மலிவாக இருத்தல் வேண்டும் அன்றோ? பின்னர் நெல் விலை சற்று உயர்த்தப்பட்டபோதும், 1970இல் தொடங்கிய புதிய கிராம இயக்கம் வைக்கோற் கூரைகளை மாற்றியபோதும், ஊரைவிட்டுச் செல்வோர் தொகை குறையவில்லை.

சென்றோர் இளைஞர். சியோலின் தையற்கூடங்களும் தேகு நகரின் நெசவாலைகளும் கிராமத்துச் சிறுமியரை விழுங்கின. தையற்கூடச் சிறுமியரின் நிலைகண்டு பொறாத தொழிலாளி சொன் தே-இல், தொழிற்சட்டத்தைக் கடைப்பிடிக்கக் கோரி, 1970 நவம்பர் 13இல் தன்னுடலுக்குத் தீயிட்டு மாண்டார். அவருக்கு வயது 22. அன்று நிலத்தை விட்டகலாத இளந்தம்பதியரே இன்று கிராமங்களில் எஞ்சியுள்ள எண்பது வயதினர். 1967இல் 1 கோடியே 60 இலட்சமாக இருந்த நாட்டின் விவசாயக் குடித்தொகை, 2023இல் ஏறத்தாழ 21 இலட்சமாயிற்று. அதிற் பாதிக்கு மேற்பட்டோர் முதியோர்.

வயதமைப்பு உயிர்ப்பிரச்சினையுமாகும். 2025 மார்ச்சில் உய்சொங்கில் மூண்ட காட்டுத்தீ கிழக்குக் கடற்கரைவரை பரவியபோது மாண்டவர்களுட் பெரும்பாலோர் முதியோரே. விரைந்து ஓடவும் வாகனம் செலுத்தவும் இயலாதோர் அவர்களுட் பலர்.

இன்று அவ்வயல்களில் அறுவடை செய்வோருட் பலர் பிறநாட்டு இளைஞர். 2004 முதல் நம் நாட்டவரும் ஒப்பந்த அடிப்படையில் கொரியா சென்று உழைக்கின்றனர். 2017இல், உய்சொங்கின் அயல் மாவட்டமான குன்வியில், எரியும் வீட்டினுட் புகுந்து மூதாட்டி ஒருவரைக் காத்தவர் ஓர் இலங்கைத் தொழிலாளி; அனுமதிக்காலம் கடந்து அங்கு தங்கியிருந்தவர். 2018இல் அவருக்கு நிரந்தர வதிவுரிமை வழங்கப்பட்டது. தன் கிராமங்களின் இளமையை ஆலைகளுக்கு இரையாக்கிய பொருளாதாரம், இப்போது பிறர் கிராமங்களின் இளமையைக் கொண்டு அவ்வெற்றிடத்தை நிரப்புகின்றது.

எனவே, குடிசன மதிப்பு அட்டவணையை வகுப்பறையில் விரிக்கும் ஆசிரியரும் மாணவரும், எத்தனை பேர் குறைந்தனர் என்பதோடு நின்றுவிடலாகாது. விளைபொருளுக்கு விலை விதித்தவர் யார், அவ்விலையால் வாழ்ந்தவர் யார் என்பனவும் அங்கு கேட்கப்படவேண்டிய வினாக்களாகும்.