முத்திரையும் திருநாமமும்: விஜயநகர வீழ்ச்சிக்குப் பின் ஆளுரிமை

பேரரசு ஒன்று வீழ்ந்தபின் அதன் நிலம் பங்கிடப்படுவது வரலாற்று வழக்கம். அந்நிலத்தை ஆளும் உரிமை யாருடைய பெயரால் கோரப்பட்டது என்பதே ஆராயத்தக்கது. இன்று பின்னலாடைத் தொழிலால் அறியப்படும் பெருமாநல்லூரை உள்ளடக்கிய கொங்கு நாடு, விஜயநகரத்திற்குப் பின் மதுரை நாயக்கர், மைசூர் உடையார், ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோர் ஆட்சியைக் கண்டு, 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. ஆண்டவர் பலமுறை மாறினர். ஆளுரிமையை நிலைநாட்டும் முறை அத்துணை விரைவில் மாறவில்லை.

அம்முறையின் வேர் திருவரங்கத்தில் உள்ளது. 1323இல் தில்லிப் படை வந்தபோது பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு வெளியேறினார். ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அடியார்களின் காவலில் பல இடங்களில் இருந்த நம்பெருமாள், 1371இல் விஜயநகர அதிகாரி கோப்பணாரியரால் மீண்டும் திருவரங்கத்தில் எழுந்தருளப்பெற்றார். கோயிற் கல்வெட்டு இதனைப் பதிவு செய்துள்ளது. துங்கபத்திரைக் கரையில் தோன்றிய ஓர் அரசு தமிழ்நாட்டில் அயலாட்சியாகக் கருதப்படாமல் வேரூன்ற இக்கைங்கர்யம் பெரிதும் துணைசெய்தது. ஆகவே இங்கு அரசு கோயிலுக்கு அளித்ததை மட்டும் எண்ணுதல் போதாது. கோயில் அரசுக்கு அளித்ததையும் எண்ணுதல் வேண்டும்.

1565இல் தலைக்கோட்டைப் போரில் இராமராயர் வீழ்ந்தார். தலைநகர் பெனுகொண்டாவுக்கும், பின் சந்திரகிரிக்கும் வேலூருக்கும் பெயர்ந்தது. பெரும்பாலும் ‘ஸ்ரீ விரூபாக்ஷ’ என்னும் ஒப்பத்துடன் வெளிவந்த அரச சாசனங்கள், இரண்டாம் வேங்கடபதி (1586–1614) காலத்தில் ‘ஸ்ரீ வேங்கடேச’ என்னும் ஒப்பத்தைப் பெற்றன. அவர் பொற்காசுகளிலும் திருவேங்கடமுடையான் திருவுருவம் இடம்பெற்றது. தலைநகரை இழந்த அரசு, திருமலையைத் தன் அடையாளமாக்கிக் கொண்டது.

வழிவந்த அரசுகளும் இம்முறையையே பின்பற்றின. 1610இல் ராஜ உடையார் விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். விஜயநகரத்து மகாநவமி விழாவும் அங்கே தொடர்ந்தது. கண்டீரவ நரசராஜர் வெளியிட்ட பணத்தில் நரசிம்மப் பெருமாள் திருவுருவம் பொறிக்கப்பட்டது. சிக்கதேவராஜருக்கு (1673–1704) ஸ்ரீவைஷ்ணவரான திருமலையார்யர் அமைச்சராக விளங்கினார். மேற்கே உரோமப் பேரரசு வீழ்ந்தபின் இத்தாலியை ஆண்ட கோத்தரும் பேரரசர் பெயரிலேயே பொற்காசு அடித்தனர். அங்கு நிலைத்தது மனிதப் பேரரசன் பெயர். இங்கு நிலைத்தது எம்பெருமான் திருநாமம். சென்னையில் கம்பெனியார் அடித்த வராகனிலும் திருமால் உருவமே இருந்தது. வணிகருக்கும் அம்முத்திரை இன்றியமையாததாயிற்று.

விஜயநகர எல்லைக்கு அப்பாலும் இக்கருத்து வலிமை பெற்றிருந்தது. நம்மாழ்வார் மங்களாசாசனம் பெற்ற திருவனந்தபுரத்தில் 1750இல் மார்த்தாண்டவர்மர் தம் நாட்டைத் திருப்படித்தானமாகப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, பத்மநாபதாசராக நின்று ஆண்டார். சிற்றரசுகள் பலவற்றை வென்று அமைத்த புதிய அரசு அதனால் இறைவனின் உடைமையாயிற்று; அதனை எதிர்ப்பது இறைவனையே எதிர்ப்பதாயிற்று.

இங்கு ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. உரையாசிரியர்கள் விளக்கும் சேஷத்வம், ‘யான், எனது’ என்பதை விடுதலாம். அரசர் கூறிய அடிமையோ ‘எனது நாடு’ என்பதை உறுதிப்படுத்தும் கருவியாகவும் பயன்பட்டது. அவர்தம் பக்தியை ஐயுற வேண்டுவதில்லை. ஆயினும் அதன் அரசியற் பயனைக் காணாதிருத்தல் வரலாறாகாது.

ஒரே திருநாமத்தைப் போற்றியமையால் ஒரே நாடு உருவாகவும் இல்லை. மதுரை நாயக்கர் திருவரங்கத்திற்கும், மைசூர் உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கும் தொண்டு செய்தனர். இரு தலங்களிலும் பள்ளிகொண்டவன் அரங்கநாதனே. எனினும் 17ஆம் நூற்றாண்டில் இவ்விரு அரசுகளும் கொங்கு மண்ணில் மோதின. 1956இல் மாநில எல்லைகள் மொழியின் அடிப்படையில் வரையப்பட்டபோது அரங்கங்கள் இரண்டும் இரு மாநிலங்களில் அமைந்தன. ஆழ்வார் பாசுரங்களை ஓதும் கோஷ்டி இன்றும் இரு புறமும் உண்டு. 1371க்கு முன் அரசின்றி நம்பெருமாளைக் காத்த மரபு, அரசுகள் மறைந்தபின்னும் தொடர்வதில் வியப்பில்லை.