மோஹாக் மக்கள் அச்சம் அறியாதவரா?

நியூயார்க் நகரத்து வானளாவிய கட்டடங்களைப் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் ஒரு செய்தி திரும்பத் திரும்பக் காணப்படும். நம் பழைய பாடநூல்கள் செவ்விந்தியர் என்று குறித்த அமெரிக்கப் பழங்குடியினருள் மோஹாக் என்னும் பிரிவினர் உயரத்திற்கு அஞ்சாதவர். அவ்வியல்பு அவர்தம் குருதியிலேயே ஊறியது. ஆதலால் ஒரு சாண் அகலமுள்ள இரும்பு உத்தரத்தின் மேல் வீதியில் நடப்பது போல் நடப்பர் என்பதே அது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆயின் வரலாறு காட்டுவது வேறு.

கனடாவில் மாண்ட்ரியல் மாநகருக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் கானவாக்கே என்னும் மோஹாக் ஊர் இருக்கிறது. அவ்வூரார் நெடுங்காலம் ஆற்றை நம்பி வாழ்ந்தவர். கம்பளித் தோல் வாணிகத்தில் படகு செலுத்தினர். காட்டுமரத் தெப்பங்களை லாஷீன் நீர்ச்சுழல்கள் வழியே ஓட்டிச் சென்றனர். 1884 ஆம் ஆண்டு சூடானில் முற்றுகையிடப்பட்டிருந்த ஜெனரல் கார்டனை மீட்கச் சென்ற பிரிட்டிஷ் படையை நைல் நதியில் ஏற்றிச் செல்ல இவ்வூர்ப் படகோட்டிகளும் அழைக்கப்பட்டனர். இவர்களின் புகழ் அந்நாளில் உயரத்தைப் பற்றியதன்று, நீரைப் பற்றியது. இருப்புப் பாதைகள் பெருகப் பெருக ஆற்றுத் தொழில் தேய்ந்தது.

1886 ஆம் ஆண்டில் கனடியப் பசிபிக் இரயில்வேக்காக அவ்வாற்றின் குறுக்கே பாலம் கட்டப்பட்டது. அதன் ஒரு முனை மோஹாக் மக்களின் நிலத்தில் ஊன்ற வேண்டியிருந்தது. நிலத்தைப் பயன்படுத்துவதற்கு ஈடாக ஊராருக்கு வேலை தருவதென்று ஏற்பாடாயிற்று. கிடைத்தது சுமை இறக்கும் கூலி வேலையே. ஆனால் இளைஞர்கள் ஓய்வு நேரங்களில் பாலத்தின் மேல் ஏறிச் சென்று இரும்பு வேலையைக் கூர்ந்து பார்த்தனர். இதனைக் கண்ட நிறுவனத்தார் அவர்களுள் சிலரைத் தேர்ந்து தொழிலைக் கற்பித்தனர்.

அக்காலத்தில் இரும்பு உத்தரங்களை ரிவெட்டு ஆணிகளால் இணைத்தனர். இதற்கு நால்வர் கொண்ட குழு வேண்டும். ஒருவன் சிறு உலையில் ஆணியைச் செந்தணலாகக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்து வீசுவான். தொங்கும் பலகைச் சாரத்தில் நிற்கும் இரண்டாமவன் அதைத் தகர வாளியில் பிடித்துத் துளையில் செருகுவான். மூன்றாமவன் ஆணியின் தலைக்கு முட்டுக் கொடுப்பான். நான்காமவன் மறுபுறம் நீண்டிருக்கும் நுனியைக் காற்றுச் சுத்தியலால் அறைந்து இன்னொரு தலையாக்குவான். ஆணி ஆறும்போது சுருங்கித் தகடுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். நால்வருள் ஒருவன் வராவிட்டால் மூவருக்கும் அன்று வேலையில்லை. ஒருவன் கை தவறினால் மற்றவன் உயிருக்கு ஆபத்து. ஆகவே உடன்பிறந்தார், மாமன், மைத்துனன் என்று நம்பிக்கைக்குரிய உறவினராகவே குழு சேர்த்தனர். ஊரிலிருந்து ஒரு தம்பியை அழைத்து வந்து, முறைமாற்றி நிறுத்திப் பழக்குவர். ஆள் பெருகியதும் குழு இரண்டாகப் பிரியும். நம் நாட்டுக் கொல்லரும் தச்சரும் தொழில் கற்ற முறைக்கு இது பெரிதும் மாறானதன்று.

இதைத்தான் குருதி என்றனர். மலாயாவிலும் தமிழன் தோட்ட வேலைக்கு இயல்பிலேயே ஏற்றவன் என்று துரைமார் பேசிய காலம் உண்டு. தொழிலைப் பிறப்போடு முடிச்சுப் போட்டுவிட்டால், கற்றவனின் உழைப்பு கணக்கில் வாராது. அவன் படும் ஆபத்தும் பெரிதாகத் தோன்றாது.

அவ்வாபத்து எத்தகையது என்பதைக் கியூபெக் பாலம் காட்டிற்று. அதே ஆற்றில், கடலை நோக்கிய பகுதியில், உலகிலேயே நீளமான நெம்புத்தாங்கிப் பாலம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அதன் நடுக்கண்ணின் நீளம் 1600 அடி என முதலில் கருதப்பட்டு, 1900 ஆம் ஆண்டில் 1800 அடியாக நீட்டப்பட்டது. நீளம் கூடினால் இரும்பின் எடையும் கூடுமன்றோ? அவ்வெடையை உரிய காலத்தில் மீண்டும் கணக்கிடவில்லை. பிழை தெரிந்தபோது பாலத்தில் பெரும்பகுதி இரும்பு வார்க்கப்பட்டுவிட்டது. ஆலோசனைப் பொறியியலறிஞர் தியோடர் கூப்பர் முதுமையாலும் உடல்நலக் குறைவாலும் நியூயார்க்கிலேயே இருந்தார். இரும்பு வேலை நடந்த காலத்தில் அவ்விடம் செல்லவேயில்லை.

1907 ஆகஸ்டில், பாரம் தாங்கும் அடி உறுப்புகள் வளையத் தொடங்கின. அவற்றுள் ஒன்றின் வளைவு சில நாள்களில் முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டேகால் அங்குலமாயிற்று. ஆய்வாளர் இரயிலேறிக் கூப்பரிடம் சென்றார். ஆகஸ்டு 29 ஆம் நாள் நண்பகலில், பாலத்தின் மேல் மேலும் பாரம் ஏற்றலாகாது என்று கூப்பர் பென்சில்வேனியாவிலிருந்த கட்டுமான நிறுவனத்துக்குத் தந்தி அடித்தார். பாலம் நின்ற இடத்திற்கோ எத்தந்தியும் போய்ச் சேரவில்லை. மாலை 5 மணி 37 நிமிடத்துக்கு, வேலை முடியும் தறுவாயில், ஏறத்தாழ 19,000 டன் இரும்பு பதினைந்தே விநாடிகளில் சரிந்தது. மேலிருந்த 86 பேரில் 75 பேர் மாண்டனர். அவர்களுள் 33 பேர் கானவாக்கே ஊரினர்.

அச்சமின்மை ஒருவரையும் காக்கவில்லை. உத்தரத்தின் மேல் எவ்வளவு உறுதியாகக் கால் வைத்தாலும், உத்தரமே பிழையாயின் என் செய்வது? 1908 இல் அறிக்கை தந்த அரசு விசாரணைக் குழு, கூப்பரும் நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறியியலறிஞரும் செய்த மதிப்பீட்டுப் பிழைகளே காரணம் என்று கூறிற்று.

உறவினர் ஒன்றாய்ச் சேர்ந்து வேலை செய்ததால் ஊர் ஒரே மாலையில் தந்தையரையும் மைந்தரையும் சேர இழந்தது. கல்லறைகளில் இரும்பு உத்தரங்களையே சிலுவைகளாக நட்டனர். இனி எல்லா ஆண்களும் ஒரே வேலைக்குப் போகலாகாது என்று பெண்கள் வற்புறுத்தினர் என்பர். வியப்பு யாதெனில், தொழிலைக் கைவிடச் சொல்லவில்லை. பிரிந்து செல்லவே சொன்னார்கள். கியூபெக் பாலத்தைப் புதிதாகக் கட்டுகையில், 1916 செப்டம்பர் 11 ஆம் நாள், தூக்கிய நடுப்பகுதி ஆற்றில் விழுந்து மேலும் 13 பேர் இறந்தனர். 1917 இல்தான் அது முடிந்தது.

பிரிந்தவர்கள் தெற்கே அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குப் போயினர். அங்கே வேறோர் இடர் நேர்ந்தது. 1920களின் நடுவில், பிலடெல்பியாவில் வேலை செய்த பால் டயபோ என்னும் கானவாக்கே இரும்பு வேலையாளர், அனுமதியின்றிப் புகுந்த அயல்நாட்டார் என்று கைது செய்யப்பட்டார். எல்லைக்கோடு பிறர் இட்டது. மோஹாக் மக்கள் அதைக் கடந்து செல்லும் உரிமையை 1794 ஆம் ஆண்டு ஜே உடன்படிக்கை ஏற்றிருக்கிறது என்று அவர் தரப்பில் வாதாடினர். 1927 இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு மன்றம் 1928 இல் அதனை உறுதி செய்தது. இவ்வழக்கைப் பேசாமல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை மட்டும் பேசும் கட்டுரைகளே மிகுதி.

பின்னர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மோஹாக் குடும்பங்கள் பல குடியேறின. வெள்ளி மாலை வேலை முடிந்ததும் ஏறத்தாழ நானூறு மைல் காரோட்டிக் கானவாக்கே சென்று, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை மீண்டும் உத்தரத்தில் ஏறியவர் பலர். உயரம் அஞ்ச வைப்பதில்லையா என்று கேட்டவர்களுக்கு, மற்றவர்களைப் போலவே தாங்களும் அஞ்சுவதாக அவர்களுள் பலர் விடையளித்துள்ளனர்.