ஜிஎஸ்டி லாகின்: ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது?

நீங்கள் நடத்தும் சின்ன கம்பெனியோ, அப்பா நடத்தும் கடையோ, அதன் ஜிஎஸ்டி பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்? ஆடிட்டர், அவர் ஆபீஸ் பையன், போன வருஷம் வேலையை விட்ட அக்கவுன்டன்ட்... பட்டியல் நீளும். அது தவறான கைக்குப் போனால், விற்காத சரக்குக்கு உங்கள் பெயரில் இ-வே பில் போடலாம். நோட்டீஸ் வருவது உங்களுக்குத்தான்.

அதனால்தான் இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் பாஸ்வேர்டோடு ஓடிபியும் கட்டாயமானது. 2025 ஜனவரியில் 20 கோடி ரூபாய்க்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கு, பிப்ரவரியில் 5 கோடிக்கு மேல், ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும்.

ஆனால் ஓடிபி போவது பதிவு செய்த எண்ணுக்கு. அது ஆடிட்டருடைய எண் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். அவர் ஒத்துழைக்காவிட்டாலும், உங்கள் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் ஆவணங்களோடு விண்ணப்பிக்கலாம்.

உங்கள் எண்தான் என்றால் வேறு சிக்கல். தினமும் நாலு தடவை “சார், ஓடிபி சொல்லுங்க” என்று போன் வந்தால், யோசிக்காமல் சொல்லிப் பழகிவிடுவீர்கள். மோசடிக்காரருக்கு வேண்டியதும் அந்தப் பழக்கம்தான். இ-வே பில் தளத்தில் ஊழியர்களுக்குத் தனித்தனி சப்-யூசர் ஐடி உருவாக்குங்கள். ஓடிபி அவரவர் எண்ணுக்கே போகும். வேலையை விட்டால் அந்த ஐடியை மட்டும் முடக்கலாம்.

ஓடிபியும் முழுப் பாதுகாப்பு இல்லை. போலித் தளம் அதையும் வாங்கி, நொடிகளில் நிஜத் தளத்தில் போட்டுவிடும். முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா பாருங்கள். ஆபீஸ் ஜிமெயிலுக்கு பாஸ்கீ போடுங்கள், அது போலித் தளத்தில் வேலை செய்யாது.

பணம் போய்விட்டதா? உடனே 1930-க்கு அழையுங்கள்.