பால்மரத்தின் கடிகாரம்



"ஏன் பாட்டி, இருட்டோட எழுந்து பால் வெட்டப் போனீங்க? விடிஞ்ச பிறகு போனா என்னவாம்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. "தொரை உத்தரவு" என்பார்கள் பெரியவர்கள். உத்தரவு தொரையுடையதுதான், ஆனால் நேரத்தை வகுத்தது மரம்!

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் அங்கே பூங்கா இயக்குநரான ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை உருவாக்கினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்கள் பல ரப்பருக்கு மாறின. கரும்பு வெட்டிய தமிழன் கை கித்தாக் கத்தியைப் பிடித்தது.

மரத்துக்குள் என்ன நடக்கிறது? பகல் வெளிச்சத்தில் இலை சர்க்கரை செய்கிறது. கொழுப்புக்கான அமிலங்களையும் பெரும்பாலும் பகலில்தான் செய்கிறது. சர்க்கரை பட்டைக்கு இறங்கிப் பால்குழாய்களில் ரப்பராகிறது. ரப்பர், கொழுப்பு இனத்துக்கு நெருங்கிய உறவு. பாலில் மிதக்கும் ஒவ்வொரு ரப்பர்த் துகளுக்கும் மெல்லிய கொழுப்புப் போர்வை உண்டு. இப்படி வெட்டில் இழந்ததை மறுபடி செய்ய மரத்துக்கு அவகாசம் வேண்டும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு.

இரவில் இலைத் துளைகள் மூடிக்கொள்ளும். குழாய்களில் நீர் நிறைந்து அழுத்தம் ஏறும். வெயில் ஏற ஏற அது இறங்கிவிடும். 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பட்டரி, போட்மன் ஆகியோர் 1960-களில் இதை அளந்தார்கள். விடியுமுன் அந்த அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் சுமார் பத்து மடங்கு!

வெயிலும் நீரும் மட்டுமல்ல, செடிக்குள்ளேயே ஒரு கடிகாரமும் உண்டு. 1729-இல் பிரான்சு நாட்டு தெ மேரான், ஒரு செடியை இருட்டில் வைத்தும் அதன் இலைகள் வேளை தவறாமல் விரிந்து மூடியதைக் கண்டார். இலைத் துளைகள் திறந்து மூடுவதிலும் அந்தக் கடிகாரத்துக்குப் பங்குண்டு.

இதையெல்லாம் கருவி அளந்து சொல்லும் முன்பே, நெற்றி விளக்கோடு நிரை பிடித்தவர்கள் அறிந்திருந்தார்கள்: வெயில் ஏறினால் மங்கு நிறையாது. மங்கு நிறையாவிட்டால் கூலியும் நிறையாது. பெரட்டுக்குப் பிந்தியவன் வீட்டில் அடுப்பும் பிந்தும்.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. பாகான் டாலாம் பிள்ளைகளில் கித்தா மரத்தையே பார்க்காதவர்கள் உண்டு. மாணவர்களே, பள்ளிப் படிவத்தில் "பால்மரத் தொழிலாளி" என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். அது மரத்தின் வேளையறிந்து செய்த தொழில். அந்த அறிவைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்களோடு அது மறைந்து போகக் கூடாது.