எம்16 ரைபிளின் சுடுகுழல் வடிவம்

எம்16 என்பது யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த ஏஆர்-15 துப்பாக்கியிலிருந்து உருவான அமெரிக்கப் படைத்துறை ரைபிள் ஆகும். வியட்நாம் போரில் பயன்பட்ட எம்16ஏ1 வகையின் சுடுகுழல் 508 மி.மீ. நீளமும் மெல்லிய சுவரும் கொண்டது. எடைக் குறைவே அதன் சிறப்பு.

குழல் வளைகிறது என்ற குறை எழுந்ததால், 1980களில் வந்த எம்16ஏ2 வகையில் அது தடிப்பாக்கப்பட்டது. எனினும் முன்குறிக்கு அப்பால் உள்ள பகுதி மட்டுமே தடித்தது. எம்203 எறிகுண்டு செலுத்தியைப் பொருத்த வேண்டியிருந்ததால், கைக்காப்பின் உள்ளே பழைய மெல்லிய அளவே நீடித்தது.

உருளையின் எடை விட்டத்தின் இருமடியையும், விறைப்பு நான்மடியையும் ஒட்டி உயரும். 5.56 மி.மீ. துளையுள்ள குழலின் வெளிவிட்டத்தை 16 மி.மீ. இலிருந்து 18 மி.மீ. ஆக்கினால், எடை ஏறத்தாழ 30 விழுக்காடும் விறைப்பு 60 விழுக்காடும் கூடும். ஆனால் ஒரு முனையில் பிடிக்கப்பட்ட குழலின் நுனியை அழுத்தினால், வளைவிசை அடிப்பகுதியிலேயே மிகும். எம்16ஏ2 தடித்ததோ நுனிப்பகுதியில். அதனால் துப்பாக்கியின் முன்பாரம் கூடியது. விறைப்பு அந்த அளவுக்குக் கூடவில்லை.

எம்16ஏ2 துல்லியத்துக்குப் பெயர் பெற்றதற்குத் தடிப்பு மட்டும் காரணமல்ல. நீண்ட புதிய குண்டுக்கேற்ப மரைச்சுற்று 12 அங்குலத்துக்கு ஒன்று என்பதிலிருந்து 7 அங்குலத்துக்கு ஒன்றானது, பின்குறியும் மேம்பட்டது.

தொடர்ந்து சுடும்போது மெல்லிய பகுதி விரைவில் சூடேறும். எனவே 2010களில் அமெரிக்கத் தரைப்படை தன் எம்4 துப்பாக்கிகளை, கைக்காப்பின் உள்ளேயும் தடித்த குழலுள்ள எம்4ஏ1 வகைக்கு மாற்றத் தொடங்கியது.